மைக் ஃபிங்கின் கடைசிக் குண்டு: யெல்லோஸ்டோன் கூடுதுறையில் தொடங்கிய மூன்று சாவுகள்

1823 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தின் மிசூரி ரிபப்ளிகன் செய்தித்தாளில் ஒரு பத்திச் செய்தி வந்தது. ஜெனரல் வில்லியம் ஆஷ்லியின் ரோமவணிகக் குழுவோடு, அதாவது விலங்குகளின் ரோமத்தோல் வணிகக் குழுவோடு, மிசூரி ஆற்றின் மேல்பகுதிக்குப் போயிருந்த ஒருவர் எழுதிய கடிதம்தான் அதற்கு ஆதாரம். துப்பாக்கிக் குறிக்குப் பேர்போன படகோட்டி மைக் ஃபிங்க், ஒருவர் தலைமேல் தகரக் குவளையை வைத்துச் சுடும் தன் விருப்ப விளையாட்டில் இருந்தபோது, குறி தாழ்ந்ததாலோ வேறு காரணத்தாலோ தோழரை நெற்றியில் சுட்டுக் கொன்றுவிட்டார். குழுவைச் சேர்ந்த இன்னொருவர் தட்டிக் கேட்க, உன்னையும் கொல்வேன் என்றார் ஃபிங்க். கேட்டவர் கைத்துப்பாக்கியை உருவி ஃபிங்கை அங்கேயே சுட்டு வீழ்த்தினார். சுட்டவர் பெயர் இன்னும் வந்து சேரவில்லை என்கிறது செய்தி.

பெயர் வேறோர் ஆவணத்தில் இருக்கிறது. மேற்குப் பகுதிப் பழங்குடி விவகாரங்களைக் கவனித்த வில்லியம் கிளார்க்கின் அலுவலகக் காகிதங்களுக்குள், ரோமவணிகத்தில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. பழங்குடியினரால் நேராத சாவுகள் என்ற பிரிவில் ஒரே வரி: ஃபிங்க் கார்பென்டரைச் சுட்டார், சற்றுப் பின் டால்பட் ஃபிங்கைச் சுட்டார், அதிக நாள் ஆகாமல் டால்பட் டீட்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்தப் பட்டியல் ஆண்டை 1822 என்று தவறாகப் போட்டிருக்கிறது. மற்றபடி, இரு சாவுகளுக்கும் இடையிலான கால இடைவெளியைத் தவிர, செய்தித்தாளோடு அது முரண்படவில்லை.

கைக்கு உறுதியாகக் கிடைப்பவை இந்த இரண்டும்தான். இவற்றின் மேல் இருநூறு ஆண்டுகளாக ஒரு மலையே குவிந்திருக்கிறது: பாதிக் குதிரை பாதி முதலை என்று மார்தட்டும் சண்டியர், கீல்போட் என்ற சரக்குப் படகுக்காரர்களின் ராஜா, எல்லைப்புற வீரர் டேவி கிராக்கெட்டோடு மோதுபவர். அந்த மலையை இடிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சாவுகள் ஏன் அந்த இடத்தில், அந்த ஆண்டில், அந்த முறையில் நடந்தன என்று தெரிய வேண்டுமானால் வீரக்கதையிலிருந்து தொடங்கக் கூடாது. படகிலிருந்து தொடங்க வேண்டும்.

படகு

ஃபிங்க் 1770-க்கும் 1780-க்கும் இடையில் பிட்ஸ்பர்க்கில், அன்று ஃபோர்ட் பிட் என்ற கோட்டையாக இருந்த ஊரில், பிறந்தவர் என்பது பரவலான கணக்கு. இளவயதில் எல்லைப்புறக் காவல் உளவாளியாக இருந்து, எல்லைப் போர்கள் ஓய்ந்ததும் ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகளில் படகுத் தொழிலுக்கு வந்தார்.

அந்த ஆறுகளில் இரண்டு வகைச் சரக்குப் படகுகள் ஓடின. ஒன்று தட்டைப் படகு. பலகைப் பெட்டிபோல இருக்கும். நீரோட்டத்தோடு கீழே மட்டும் போகும். நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்ததும் அதைப் பிரித்து மரமாக விற்றுவிட்டு ஆட்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள். குடியானவர்கூட ஒரு பருவத்துக்கு அதை ஓட்டிவிடலாம். இன்னொன்று கீல்போட். இது திரும்பி வரும் படகு. ஃபிங்கின் தொழில் இதுதான், அவர் பெயருக்கு அடிப்படையும் இதுதான். கீழே போவதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆற்றை எதிர்த்து மேலே ஏறுவதில்தான் ஆள் யார் என்று தெரியும்.

கீல்போட்டின் நீளம் பொதுவாக 50 முதல் 70 அடி, அகலம் 8 முதல் 10 அடி, அதற்குமேல் போனவையும் உண்டு. அணியம் எனும் முன்முனை, அமரம் எனும் பின்முனை இரண்டுமே கூர். நடுவில் சரக்கறை. 20, 30 டன் ஏற்றினாலும் நீருக்குள் இறங்குவது 2 அடி அளவுதான். அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை (ஆங்கிலத்தில் கீல்) சுமார் 4 அங்குலச் சதுரக் கனமரம். படகு நேராக ஓட அது உதவும். ஆனால் அதைவிட முக்கியமான வேலை, நீருக்குள் கிடக்கும் மரங்களில் மோதும்போது அடியைத் தான் வாங்கிக்கொள்வது. பலகை உடைந்தால் படகு போயிற்று. ஏராக்கட்டையில் பட்டால் ஒரு குலுக்கலோடு தப்பிக்கலாம். இந்த ஒரு கட்டைதான் படகுக்குப் பெயரையே கொடுத்தது.

இரு பக்கமும் ஓரமாக ஒன்றரை அடிக்கும் குறைவான அகலத்தில் ஒரு நடைபலகை ஓடும். அதில் குறுக்கே சிறு மரச்சட்டங்கள் அறைந்திருக்கும், கால் வழுக்காமலிருக்க. கழி ஊன்றும் வேலை இந்தப் பலகையின் மேல்தான் நடந்தது. கழி 18, 20 அடி. ஒரு முனையில் இரும்புப் பூண், மறுமுனையில் தோள்குழியில் பொருந்தும் உருண்டைக் குமிழ்.

படகோட்டிகள் இரண்டு வரிசையாக அணியத்தில் அமரம் நோக்கி நிற்பார்கள். அமரத்தில் நீண்ட சுக்கான் துடுப்போடு நிற்கும் தண்டல், பிரெஞ்சுச் சொல்லால் பத்ரோன் எனப்பட்டவர், குரல் கொடுப்பார். கழிகள் ஒரே சமயத்தில் ஆற்றுப்படுகையில் இறங்கும். குமிழைத் தோளில் தாங்கி, முகம் பலகையைத் தொடுமளவு குனிந்து, கிட்டத்தட்ட தவழ்ந்தபடி எல்லாரும் அமரம் வரை நடப்பார்கள். ஆள் பின்னால் நடக்க, காலடியில் படகு முன்னால் போகும். கடைசி ஆள் அமரத்தை எட்டியதும் அடுத்த குரல். கழிகளைத் தூக்கிக்கொண்டு அணியத்துக்கு ஓட்டம், மறுபடி ஊன்றல். இது பொழுது விடிந்து இருட்டும் வரை.

எங்கே கெடும் என்றால், அந்தத் திரும்பி ஓடும் சில நொடிகளில். கழி எதுவும் தரையில் இல்லாத அந்த இடைவெளியில் படகு வேகம் இழக்கும். ஓட்டம் கடுமையாக இருந்தால் அணியம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த அணியத்தில் நீர் முழு வலுவோடு அடிக்க, படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை எந்தச் சுக்கானும் மீட்காது. மரத்திலோ பாறையிலோ சாய்ந்து கவிழும், அல்லது கால் மைல் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அதனால் வேகமான இடங்களில் எல்லாரும் சேர்ந்து திரும்ப மாட்டார்கள். தலைமாட்டில் இருப்பவர் ஒருவர் மட்டும் கழியை எடுத்து முன்னே போய் ஊன்றிய பிறகே அடுத்தவர் எடுப்பார். ஒருவர் வழுக்கி விழுந்தால் அத்தனை பேர் உயிரும் ஊசலாடும். ஒரே குழுவாக ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தவர்களுக்கு இடையே இருந்த நம்பிக்கை இந்தப் பலகையில் உண்டானது. குவளை விளையாட்டைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழி எட்டாத ஆழத்திலும் சேறான படுகையிலும் கயிறு. மிசூரி ஆற்றில் பெரும்பாலும் கயிறுதான். கோர்டெல் எனப்பட்ட இந்தக் கயிறு ஆயிரம் அடி வரை நீண்டது. அதைப் படகின் முன்பகுதியில் கட்டினால் இழுக்கிற கரையை நோக்கியே படகு ஒதுங்கும். கரையோரப் புதரிலும் கயிறு சிக்கும். எனவே சுமார் 30 அடி உயரப் பாய்மரத்தின் உச்சியில் கட்டுவார்கள். உச்சியில் மட்டும் கட்டினால் படகு அந்த மரத்தையே அச்சாக வைத்து ஆடும். அதைத் தடுக்க, கயிற்றை ஒரு வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தை ஒரு சிறு கயிற்றால் அணியத்தோடு பிணைத்தார்கள். அந்தச் சிறு கயிற்றுக்குக் கடிவாளம் என்றே பெயர். 20 முதல் 40 பேர் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். கரை என்றால் பாதை அல்ல: மார்பளவு நீர், இடிந்து விழும் மண்மேடு, முட்புதர், சேறு. இழுக்கவும் இடமில்லாத இடத்தில் கயிற்றை முன்னே கொண்டுபோய் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, படகில் இருந்தே இழுத்து முன்னேறுவார்கள். வெள்ளம் கரைமேல் ஏறியிருந்தால் புதர்க்கிளைகளைப் பிடித்துப் பிடித்து நகர்த்துவதும் உண்டு. காற்று ஒத்துழைத்தால் பாய்.

இவ்வளவும் செய்து ஒரு நாளில் ஏறுவது 12 முதல் 15 மைல். பிட்ஸ்பர்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு ஆற்றுவழி ஏறக்குறைய 2,000 மைல். கீழே போக ஐந்தாறு வாரம், மேலே வர நான்கு மாதத்துக்கு மேல். இடையில் லூயிவில் நகரத்தருகே ஒஹாயோ அருவிகளில் ஆறு இரண்டு மைல் தூரத்தில் 26 அடி இறங்குகிறது. 1830-ல் கால்வாய் திறக்கும்வரை, நீர் குறைந்த காலத்தில் அங்கே சரக்கை இறக்கி வண்டியில் ஏற்றி, வெறும் படகை இழுத்து ஏற்றி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது.

நாளொன்றுக்குச் சில முறை ஆளுக்கு ஒரு அளவு விஸ்கி, ஃபில்லி என்ற பெயரில், சோற்றைப் போலவே படகுப் பொறுப்பாளர் கொடுத்தாக வேண்டியது. குடிகாரர்கள் என்று இவர்களைப் பற்றி எழுதியவர்கள், அந்த விஸ்கி வேலை ஒப்பந்தத்திலேயே இருந்ததைச் சொல்வது அரிது. ஒவ்வொரு படகிலும் சண்டையில் யாரையும் வெல்லக்கூடியவர் தொப்பியில் சிவப்பு இறகு செருகிக்கொள்வார் என்ற வழக்கம் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஃபிங்கின் தொப்பியில் அது நிலையாக இருந்ததாம்.

ஏன் மிசூரி?

1811-ல் பிட்ஸ்பர்க்கில் கட்டிய நியூ ஆர்லியன்ஸ் என்ற நீராவிக் கப்பல் 1812 ஜனவரியில் அந்தப் பெயருடைய நகரத்தையே போய்ச் சேர்ந்தது. கீழே போவது பெரிதல்ல என்று படகோட்டிகள் நினைத்திருக்கலாம். 1815-ல் என்டர்பிரைஸ் கப்பல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவிலுக்கு 25 நாளில் மேலே ஏறி வந்தது. 1817-ல் ஹென்றி ஷ்ரீவின் வாஷிங்டன் கப்பல் ஒன்றரை மாதத்துக்குள் போய்த் திரும்பியே விட்டது. மூன்று, நான்கு மாதத் தோள்வேலையை நீராவி மூன்று, நான்கு வாரத்தில் முடித்தபோது பேராறுகளில் கீல்போட்டின் சரக்குக் கூலி சரிந்தது. சிற்றாறுகளிலும், நீர் குறைந்த பருவத்திலும், நீராவி இன்னும் துணியாத ஆறுகளிலும் மட்டும் அந்தத் தொழில் தங்கியது.

அப்படி மிஞ்சிய பேராறு மிசூரி. 1819-ல் அதன் கீழ்ப்பகுதிக்குள் கப்பல்கள் நுழைந்தன. மேல்பகுதி மட்டும் இன்னும் கழிக்கும் கயிற்றுக்குமே உரியதாக இருந்தது. 1822 பிப்ரவரி 13 தேதியிட்டு வில்லியம் ஆஷ்லி விளம்பரம் கொடுத்தார்: மிசூரியின் தலைப்பகுதி வரை போய் ஓராண்டோ இரண்டு, மூன்று ஆண்டோ பணிபுரிய 100 இளைஞர்கள் தேவை. ஃபிங்க் இளைஞரல்லர், நாற்பதைத் தாண்டியவர். கார்பென்டர், டால்பட் என்ற இரு தோழர்களோடு படகோட்டி, பொறிவைத்து விலங்கு பிடிப்பவர், வேட்டைக்காரர் என்ற மூன்று வேலைக்குமாகச் சேர்ந்தார். சாகசம் தேடிப் போனார் என்று கதைகள் சொல்லும். தெரிந்த தொழிலுக்கு வேலை மிச்சமிருந்த கடைசி இடத்துக்குப் போனார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த ஆறு எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஆண்டே ஒரு சான்று. ஆஷ்லியின் கூட்டாளி ஆண்ட்ரூ ஹென்றி ஏப்ரல் 3-ல் முதல் படகோடு கிளம்பினார். மே மாதம் டேனியல் மூர் பொறுப்பில் என்டர்பிரைஸ் என்ற இரண்டாவது கீல்போட் புறப்பட்டது. மேற்சொன்ன நீராவிக் கப்பலின் பெயரே இதற்கும். மிசூரிக் கரையிலிருந்த ஃபோர்ட் ஓசேஜ் கோட்டைக்குச் சற்றுக் கீழே ஒரு திருப்பத்தில், கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரக்கிளையில் பாய்மர உச்சி மாட்டியது. உச்சி நின்றுவிட, அடிப்பகுதியை நீர் தள்ள, படகு குறுக்கே சுழன்று நிரம்பி மூழ்கியது. 10,000 டாலர் சரக்கு போயிற்று. கயிறு இழுக்க உயரமான மரம் வேண்டும். அதே உயரம்தான் இங்கே படகைக் கொன்றது. ஆஷ்லி வேறு படகும் 46 ஆட்களும் திரட்டி, அக்டோபர் 1-ல்தான் யெல்லோஸ்டோன் ஆறு மிசூரியில் கலக்கும் கூடுதுறையை அடைந்தார். செயின்ட் லூயிஸிலிருந்து ஆற்றுவழி சுமார் 1,800 மைல்.

கூடுதுறையில் ஹென்றி ஒரு கோட்டை எழுப்பியிருந்தார். பாதி மரக்குடில், பாதி வேலி. வழியிலேயே அசினிபாய்ன் பழங்குடியினர் ஹென்றி குழுவின் குதிரைகளில் ஐம்பது அளவில் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த வசந்தத்தில் பிளாக்ஃபீட் மக்கள் ஹென்றியின் ஆட்களில் நால்வரைக் கொன்றார்கள். ஆறு உறைந்த மாதங்களில் படகோட்டிக்கு ஆற்றில் வேலை இல்லை. அறைக்குள் விஸ்கியும் துப்பாக்கியும் பழைய பகைகளும்தான்.

குவளை

விளையாட்டின் முறை எளியது. ஒருவர் தலைமேல் விஸ்கி நிரப்பிய தகரக் குவளை. மற்றவர் 70 கஜத் தொலைவில் நின்று நீள்குழல் துப்பாக்கியால் அதைச் சுடுவார். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். ஃபிங்கும் கார்பென்டரும் இதை ஆண்டுக்கணக்கில் செய்துவந்தார்கள். சுட்டது ஃபிங்க் மட்டும் அல்ல, கார்பென்டரின் துப்பாக்கிக்கு முன்னாலும் அவர் தலை நின்றிருக்கிறது. பொதுக் கதைகளில் இது தொலைந்துபோய், ஒரு வீரரும் அவர் குறிக்கு ஒரு தலையுமாக ஆகிவிட்டது. நடைபலகையில் ஒருவர் கழியை நம்பி இன்னொருவர் கழியைத் தூக்கியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை ஊரறியக் காட்டும் சடங்காகவே குவளை இருந்திருக்கிறது. நம்பிக்கை கெட்டபின் அதே சடங்கைத் தொடர்ந்ததுதான் இந்த நிகழ்வின் கோளாறு.

என்ன நடந்தது என்பதில் அச்சில் வந்த விவரிப்புகள் பிரிகின்றன. 1828 முடிவில் சின்சினாட்டி ஆண்டுமலர் ஒன்றில் மார்கன் நெவில் எழுதியதில், ஃபிங்க் அதிகம் குடித்திருந்ததால் குறி தாழ்ந்தது. இறந்தவரின் நண்பர் வஞ்சகம் என்று எண்ணி, ஃபிங்க் மறுபடி குண்டு போடுவதற்குள் அவரைச் சுட்டார். அடுத்த ஆண்டு வெஸ்டர்ன் மந்த்லி ரிவ்யூ இதழில் வந்தது இன்னும் விரிவானது. குளிர்காலத்தில் இருவருக்கும் சண்டை, ஒரு பெண்ணை முன்னிட்டு என்பது பேச்சு. சமாதானம் ஆனது, வசந்தத்தில் மறுபடி மூண்டது. மீண்டும் சமாதானமாகி, அதை உறுதிசெய்யக் குவளை எடுத்தார்கள். யார் முதலில் சுடுவது என்று காசு சுண்ட, ஃபிங்குக்கு விழுந்தது. கார்பென்டர் தான் சாகப்போவதாக டால்பட்டிடம் சொல்லி, தன் துப்பாக்கி, குண்டுப்பை, வெடிமருந்துக்கொம்பு, இடைவார், கைத்துப்பாக்கிகள், சேரவேண்டிய கூலி எல்லாவற்றையும் அவருக்கே விட்டுவிட்டுப் போய் நின்றார். ஃபிங்க் குறி பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தாழ்த்தி, தலையை ஆட்டாதே, விஸ்கியைச் சிந்தாதே, எனக்கு வேண்டும் என்றார். மறுபடி உயர்த்திச் சுட்டார். குண்டு கண்களுக்கு ஒன்றரை அங்குலம் மேலே, நெற்றி நடுவில். விஸ்கியைச் சிந்திவிட்டாயே என்று முதலில் சொன்னவர், பிறகு துப்பாக்கியையும் மருந்தையும் குண்டையும் தன்னையும் சபித்தார். மாதங்கள் கழிந்தபின், வேண்டுமென்றே கொன்றேன் என்று குடிபோதையில் பெருமையடிக்க, கார்பென்டர் கொடுத்துச் சென்ற அந்தக் கைத்துப்பாக்கியாலேயே டால்பட் அவர் இதயத்தில் சுட்டார்.

கதையாக இது அபாரமாக இருக்கிறது. அதனாலேயே கவனம் தேவை. உயில், காசு, பரம்பரையாய் வந்த துப்பாக்கி என்று ஒவ்வொரு பொருளும் முடிவில் பயன்படும்படி முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மாதங்கள் கழிந்தபின் என்பதும் இடிக்கிறது. ஜூலை 16-ல் செய்தி செயின்ட் லூயிஸில் அச்சாகிவிட்டது. 1,800 மைலை நாளுக்கு 50, 60 மைல் வீதம் இறங்கினால்கூட 30 முதல் 36 நாள். எனவே ஜூன் நடுவுக்குள் இரண்டு சாவும் முடிந்திருக்க வேண்டும். குளிர்காலச் சண்டை, சமாதானம், வசந்தச் சண்டை, மறுசமாதானம், குவளை, பிறகு சில மாதம் என்பதற்கு அந்தக் காலண்டரில் இடம் போதாது. பட்டியல் சற்றுப் பின் என்கிறது, செய்தித்தாள் அங்கேயே என்கிறது. கால இடைவெளியில் நான் செய்தித்தாள் பக்கமே நிற்கிறேன்.

அந்த ஐந்து அங்குலம்

தவறா, கொலையா? காயத்தின் இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு: அத்தனை தேர்ந்தவர் அத்தனை கீழே சுட மாட்டார் என்பது அவர்கள் வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குவளை 4 அங்குல உயரம் என்று கொள்வோம். அதன் நடுவைக் குறித்தால் உச்சந்தலைக்கு 2 அங்குலம் மேலே. கண்ணிலிருந்து உச்சந்தலை வரை நேர் உயரம் நாலரை அங்குலம் என்றால், கண்ணுக்கு ஒன்றரை அங்குலம் மேல் என்பது உச்சந்தலைக்கு 3 அங்குலம் கீழே. ஆக, குண்டு தாழ்ந்தது 5 அங்குலம். பக்கவாட்டில் பிழை இல்லை.

70 கஜம் என்பது 2,520 அங்குலம். நீள்குழல் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 36 அங்குலம் என்று வைத்தால், 5 அங்குலத் தாழ்வுக்கு முன்குறி இறங்க வேண்டியது 0.07 அங்குலம், அதாவது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. மூச்சை விடும் அசைவே அதற்குப் போதும்.

வெடிமருந்தும் சேரும். குண்டு நொடிக்கு 1,600 அடி வேகத்தில் கிளம்பி வழியில் குறைந்து சராசரி 1,400 அடி என்றால், 70 கஜத்தைக் கடக்க 0.15 நொடி, அதற்குள் புவியீர்ப்பில் சுமார் 4 அங்குலம் விழும். துப்பாக்கியின் குறிகள் இந்த விழுச்சிக்கு ஈடாகத்தான் அமைக்கப்பட்டிருக்கும். குளிர்கால ஈரம் பிடித்த மருந்து கால்பங்கு வேகத்தைக் குறைத்தால் 0.2 நொடி, விழுச்சி ஏழரை அங்குலத்துக்கு மேல். கை அசையாமலே மூன்றரை அங்குலம் தாழ்ந்துவிடும்.

மூன்றாவதாகச் சிக்கிமுக்கிப் பூட்டு. விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக்கல் இரும்பில் உராய்ந்து, பொறி கிண்ணத்து மருந்தைப் பற்றவைத்து, தீ சிறு துளை வழியே உள்ளே போய்த்தான் குண்டு கிளம்பும். துளையில் கரி அடைந்திருந்தாலோ கிண்ண மருந்து ஈரமாயிருந்தாலோ இந்த நேரம் நீளும். மூன்றரை அடிக் கனக்குழல் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் நகரும்? கீழேதான். தாமதமான வெடி என்றால் தாழ்ந்த குண்டு. செய்தித்தாள் குறி தாழ்ந்ததாலோ வேறு காரணத்தாலோ என்று எழுதியபோது, துப்பாக்கி பழகிய அந்நாள் வாசகருக்கு அந்த வேறு காரணம் எதுவெல்லாம் ஆகலாம் என்று தெரிந்திருக்கும்.

இதே கணக்கு மறுபக்கமும் செல்லும். கொல்ல நினைத்தவர் செய்ய வேண்டியதும் அந்த 2 மில்லிமீட்டர்தான். பார்ப்பவர் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே காயத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்க்க முடியாது. மிஞ்சுவது சுட்ட பிறகு ஃபிங்க் என்ன செய்தார் என்பது. அதில் மிகப் பழைய சாட்சியம், தட்டிக் கேட்டவரையும் கொல்வேன் என்ற மிரட்டல். தோழரைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவர் வாயில் அது வரக் கூடாத சொல். அவரைக் கொன்றது அந்தச் சொல்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் குண்டின் நோக்கத்தை அது நிரூபித்துவிடாது.

நெவில் சொல்லும் ஒரு நுணுக்கம் மட்டும் நடைமுறையோடு பொருந்துகிறது: ஃபிங்க் மறுபடி குண்டு போடுவதற்குள் என்பது. மருந்தை அளந்து கொட்டி, துணித்துண்டு சுற்றிய குண்டைக் குழல்வாயில் வைத்து, கோலால் இறுதிவரை இடித்து, கிண்ணத்தில் மருந்து தூவி மூட, பழகிய கைக்கும் அரை நிமிடமாவது ஆகும். வெறுந்துப்பாக்கியோடு மிரட்டியவருக்கும் நிரப்பிய கைத்துப்பாக்கி வைத்திருந்தவருக்கும் இடையே அந்த அரை நிமிடம்தான் வேறுபாடு.

கதையின் மறுபக்கம்

ஃபிங்கின் புகழ்க்கதைகளில் ஒன்று நகைக்க வைப்பது. கரையில் ஆட்டுமந்தையைக் கண்டவர், சில ஆடுகளின் மூக்கில் காரமான மூக்குப்பொடியைத் தேய்த்துவிட்டு, அவை தும்மித் துள்ளுவதைக் காட்டி, இது கருநோய், உடனே கொன்று ஆற்றில் எறியாவிட்டால் மந்தையே போகும் என்று உரிமையாளரை நம்ப வைத்து, இறைச்சியையும் கூலியாகச் சாராயத்தையும் வாங்கிக்கொண்டார். நான்கு மாதம் உப்புக்கண்டமும் சோளமும் தின்றவர்களின் வயிற்றிலிருந்து பிறந்த கதை அது.

மற்ற இரண்டைப் படிக்கும்போது அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும். செயின்ட் லூயிஸ் கரையில் நின்ற ஒரு கறுப்பினத்தவரின் குதிகால் பின்னே நீட்டியிருக்கிறது என்று சொல்லி, படகிலிருந்தே அதைச் சுட்டுப் பிய்த்தது ஒன்று. கரையில் நின்ற ஒரு பழங்குடியினரின் உச்சிக் குடுமியைச் சுட்டு அறுத்தது மற்றொன்று. குறியின் நேர்த்திக்கு எடுத்துக்காட்டாகவே இவை நெடுங்காலம் அச்சில் ஓடின. குவளைக்குக் கீழே நின்ற கார்பென்டர் தானாக நின்றவர், மாறி நிற்கும் உரிமையும் உள்ளவர். இந்த இருவரையும் யாரும் கேட்கவில்லை. எல்லைப்புறத்தில் யார் தலைக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை இந்த வேறுபாடு எந்தப் புள்ளிவிவரத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. 1955-ல் டிஸ்னி படமாக்கியபோது இவை எல்லாம் கழிந்து, கிராக்கெட்டோடு படகுப் பந்தயம் விடும் ஒரு குறும்புக்காரர் மட்டும் மிஞ்சினார்.

டால்பட்

கூடுதுறையில் நீதிமன்றம் இல்லை. கைது செய்ய அதிகாரமோ விருப்பமோ உள்ளவர் எவரும் கோட்டையில் இல்லை. செயின்ட் லூயிஸ் வழக்காடுமன்றத்துக்கு 1,800 மைல் ஆறு. ஃபிங்க் செய்தது விபத்தென்றோ கொலையென்றோ, டால்பட் செய்தது தற்காப்பென்றோ பழியென்றோ விசாரித்து எழுதிய காகிதம் எதுவும் உருவாகவில்லை. குழு வேலையைத் தொடர்ந்தது. அந்த ஜூன் 2-ல் ஆற்றின் கீழே ஆஷ்லியின் அடுத்த பயணக்குழுவை அரிக்காரா மக்கள் தாக்கி ஒரு டஜன் பேருக்கு மேல் கொன்றார்கள். கரைமணலில் மாட்டியவர்களை ஏற்றக் கீல்போட்டை நெருக்கிக் கொண்டுபோகப் படகோட்டிகள் மறுத்தார்கள். அந்தப் பெரிய சாவுக்கணக்குக்கு நடுவே கோட்டையில் நடந்த இரண்டு சாவுகள் சிறிதாகிப்போயின.

டால்பட் அதன்பின் டீட்டன் ஆற்றை நீந்திக் கடக்க முயன்று மூழ்கினார். கிளார்க்கின் பட்டியல் மூன்று பெயர்களையும் ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த சாவுக்குப் போகிறது.